சுருதிப் பெட்டிக்கு நான் போடாத செல்

இசைத் துறையில் இந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எம்.ஏ. மாணவர்களை எப்படிக் கரை சேர்ப்பது, பரீட்சையை எப்படி நடத்துவது, நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் சார் என்றார்கள். நாலு நல்ல வார்த்தை சொல்ல மைசூரில் ஆளுக்கா பஞ்சம்? கழுத்தில் மாலை விழுந்தால் நானும்தான் மணிக்கணக்கில் சொல்வேன். ரிடையர் ஆன அன்றைக்கு முக்கால் மணி நேரம் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். அதில் இப்போது நான் எழுதப்போவது ஒரு வரிகூட இல்லை.

இது வெட்கக்கேடான சங்கதி. படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதியில் மூடிவைக்காதீர்கள். பாதி வரை படித்தால் நான் ஏதோ மறதியால் தப்பு செய்தவன் மாதிரித் தெரியும். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். எனக்கு இருபத்தொன்பது வயது. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக சேலத்திலிருந்து வந்தவர், அதனால் வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். வீணையில் எம்.ஏ. முடித்து, நான் படித்த வகுப்புக்கே தற்காலிக விரிவுரையாளராக வந்திருந்தேன். தற்காலிகம் என்றால் என்னவென்று உங்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒவ்வொரு வருஷமும் ஆர்டர் வருமா வராதா என்று ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். அந்த வருஷம் என்னை நிரந்தரமாக்கச் சொல்லி எங்கள் துறைத் தலைவர் மேடம் கோப்பு எழுதியிருந்தார். கண்டிப்பான கன்னடக்கார அம்மா. என்னைப் பற்றி அதில் அவர் எழுதியிருந்த ஒரு வரி எனக்குத் தெரியும், ஏனென்றால் டைப் அடித்துக் கொடுத்ததே நான்தான். பொறுப்பான ஆள், ஒரு வேலையைச் சொன்னால் மறுபடி கேட்கத் தேவையில்லை என்று எழுதியிருந்தார்.

எம்.ஏ. இரண்டாம் வருஷத்தில் ஐந்து பேர். அதில் மரகதம் என்று ஒருவர். கொள்ளேகால்காரர், பட்டுத் தறி வீட்டில் வாழ்க்கைப்பட்டவர், ஐந்து வயதில் பிள்ளை. அவருக்கு முப்பத்திநாலு. என்னைவிட ஐந்து வயது மூத்தவர் என்னை சார் என்பார், நான் அவரை மரகதம்மா என்பேன். ஒரு பள்ளிக்கூடத்தில் தினக்கூலி மாதிரி பாட்டு டீச்சராக இருந்துவிட்டு, வீட்டில் மல்லுக்கட்டி இரண்டு வருஷம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அவர் ஊருக்குப் பக்கத்திலேயே பெண்கள் கல்லூரியில் வீணைக்கு ஒரு இடம் காலியாகப் போகிறது, எம்.ஏ.வில் முதல் வகுப்பு இருந்தால்தான் மனுவே போட முடியும். அதற்குத்தான் இந்தப் பாடெல்லாம். சுற்றி வளைக்காமல் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்: "எனக்கு மேடையெல்லாம் ஆசையில்லீங்க சார். அந்த வேலை வேணுமுங்க. முதல் வகுப்புக்கு என்ன பண்ணோணுமோ சொல்லுங்க, பண்ணிப்போடறேன்."

மைசூரில் மண்டி மொஹல்லாவில் அக்கா வீட்டில் தங்கியிருந்தார். கீழே வெங்காய மண்டி, மேலே ஒரே ரூம். விடிந்தால் லாரி, ஆட்டோ, மூட்டை இறக்குகிற சத்தம். அந்தக் கூச்சலில் தம்புராவும் இல்லாமல் சுருதிப் பெட்டியும் இல்லாமல் வீணையைச் சுருதி சேர்த்துப் பழகியவர். அவர் காது அப்படி ஒரு காது. வகுப்பில் யாருடைய வீணையாவது ஒரு நூல் விலகினால் அவர் முகம் தன்னால் சுளிக்கும், வாய் திறந்து சொல்ல மாட்டார். எத்தனையோ தடவை அவர் முகத்தைப் பார்த்து என் வீணையையே நான் சரிசெய்துகொண்டிருக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்தக் காது கிடையாது.

இனி செல் விஷயம். பரீட்சைக்கு எங்கள் துறையில் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி ஒன்று இருந்தது. கரண்டிலும் ஓடும், பேட்டரி செல்லிலும் ஓடும். கோடைகாலம், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னாடியே மேடம் புது செல் வாங்கிக் கொடுத்து, பெட்டியில் போட்டு வையுங்கள் என்று என்னிடம் சொன்னார். நான் போட்டேன். போட்டதை ஞாயிற்றுக்கிழமை கழற்றி என் டேப் ரெக்கார்டரில் போட்டுக்கொண்டேன். வீட்டில் கரண்ட் இல்லை, ரேடியோவில் ஒரு நல்ல கச்சேரி, அதைப் பதிவு செய்யவேண்டும். டேப் ரெக்கார்டரின் பழைய செல்களைப் பெட்டியில் திணித்து வைத்தேன். திங்கட்கிழமை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். திங்கள் போச்சு, செவ்வாய் போச்சு. புதன்கிழமை பரீட்சை. காலையில் மேடம் கேட்டார், "செல் எல்லாம் சரியா?" சரி மேடம் என்றேன். கரண்ட்தான் இருக்கிறதே என்று ஒரு அலட்சியம். அவ்வளவு அற்பமான காரியத்தில் ஆரம்பித்தது இது.

பரீட்சகர்கள் மூன்று பேர். மேடம், நான், தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த வெளிப் பரீட்சகர். அவர் வீணையில் பெரிய கை. வயசானவர், நியாயமானவர். அவரை வில்லனாக்கி நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள், அந்த அறையில் அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

மரகதம் இரண்டாவதாக வந்தார். பெட்டியைக் கேட்டு வீணையைச் சேர்த்தார். பார்த்தாலே தெரியும், தந்தியை முறுக்குகிற பிரடையை இரண்டு தடவைதான் தொட்டார், தந்தி நாலும் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. பெரியவர் மேடம் பக்கம் சாய்ந்து, "பேஷ், நல்லா சேர்க்கறாங்க" என்றார். பிறகு தோடி வாசிக்கச் சொன்னார். ஆலாபனை பாதி வந்திருக்கும், ஃபேன் நின்றது. பெட்டியும் நின்றது. நான் எட்டி செல் பக்கம் சுவிட்சைத் தட்டினேன். பெட்டி மறுபடி பாடியது. பழைய செல்லிலும் கொஞ்சம் உயிர் மிச்சம் இருந்தது போலிருக்கிறது, முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. எனக்குள் ஒரு நிம்மதி.

ஆலாபனையை முடித்துத் தானம் தொடங்கினார். அப்போதுதான் அவர் முகம் சுளித்தது. வலது கை நிற்காமலே இடது கையால் பிரடையைத் தொட்டார், தந்தியைக் கொஞ்சம் இறக்கினார். இரண்டு நிமிஷம் போனது. மறுபடியும் சுளித்தார், மறுபடியும் இறக்கினார். பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார். "வீணை சுருதி ஏறிக் கிடக்கே அம்மா. நிறுத்தி நிதானமா சேர்த்துக்கோங்க, பரவாயில்லை."

மரகதம் வாசிப்பதை நிறுத்தினார். பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பயந்துகொண்டுதான் சொன்னார், ஆனால் தெளிவாகச் சொன்னார்: "வீணை ஏறலீங்க. பெட்டி எறங்குதுங்க."

வீணை படித்த உங்களுக்கு இது புரியும். வெயிலில் தந்தி தளரும், இறங்கும். தானாக ஏறாது. முதல் வருஷ மாணவனுக்கே தெரிந்த விஷயம் பெரியவருக்குத் தெரியாதா? அவருக்கும் உறுத்தியிருக்கிறது. பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். "அதுவும் நடக்கும். பெட்டி சரியா இருக்கா சார்?" என்று என்னைக் கேட்டார். மேடம் அதைவிட நேராகக் கேட்டார், கன்னடத்தில்: "செல் ஹொஸது தானே?" புதுசுதானே என்று.

எனக்குத் தெரியும். அந்த நிமிஷமே தெரியும். பெட்டியின் சிவப்பு விளக்கு மங்கிக்கொண்டு வந்ததை என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பேண்ட் பாக்கெட்டில் ஒரு பிட்ச் பைப் எப்போதும் இருக்கும், வாயில் வைத்து ஒரு ஊது ஊதினால் எது இறங்கியது எது ஏறியது என்று அறையில் இருக்கும் நாலு பேருக்கும் தெரிந்துவிடும். என் கை பாக்கெட்டுக்குள் போய் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. வெளியே எடுக்கவில்லை. எடுத்தால், காலையில் ஏன் சரி என்றாய் என்று மேடம் கேட்பார். புது செல் எங்கே என்று கேட்பார். டேப் ரெக்கார்டர் கதையைப் பெரியவர் முன்னால் சொல்லவேண்டும். மேடம் மேஜையில் இருந்த என் கோப்பு கண் முன்னால் வந்து நின்றது.

"ஹௌது மேடம், பெளிக்கெ தானே ஹாகிதெ" என்றேன். பெரியவருக்குக் கன்னடம் புரியாது என்பதால் அவர் பக்கம் திரும்பி, "புது செல்தான் சார், காலையிலதான் போட்டேன்" என்றேன். ஒரே பொய்யை இரண்டு பாஷையில் சொன்னேன். மரகதத்துக்கு இரண்டு பாஷையும் தெரியும். அவர் இரண்டு தடவையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது நான் மறக்க நினைத்து முடியாமல் போன ஒன்று. அவர் என்னோடு வாதாடியிருந்தால் பரவாயில்லை. முறைத்திருந்தால்கூட நான் பதிலுக்கு முறைத்திருப்பேன், என் மனசுக்கு அது வசதியாக இருந்திருக்கும். அவர் தலையை ஆட்டினார். "அப்படீங்களா சார். அப்ப நான்தான் செரியா சேர்க்கலைங்க" என்றார். இரண்டு வருஷம் பாடம் சொன்ன மனுஷன் பொய் சொல்வான் என்று அவருக்குத் தோன்றவில்லை. தன் காதைத்தான் சந்தேகப்பட்டார்.

பிறகு அவர் வாசித்ததை வாசிப்பு என்று சொல்ல மாட்டேன். இறங்கிக்கொண்டே போகிற பெட்டியைத் துரத்திக்கொண்டு அவர் வீணையும் இறங்கியது. தந்தி தொய்ந்து மெட்டில் உரசி இரைந்தது. பல்லவியில் தாளத்தோடு தொடங்கவேண்டிய எடுப்பைத் தவறவிட்டார். தாளம் தப்புகிற ஆளே இல்லை அவர். மனசு முழுக்கச் சுருதியில் மாட்டிக்கொண்டால் தாளத்துக்கு ஏது இடம்?

இன்னொன்றும் இருக்கிறது. பல்லவி முடிவதற்குள் ஃபேன் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது. மேடம் என்னைப் பார்த்து சுவிட்சை மாற்றுங்கள் என்பது போலக் கண்ணைக் காட்டினார். மாற்றினால் பெட்டி ஒரே தாவாகப் பழைய இடத்துக்கு ஏறும், குட்டு உடைந்துவிடும். "இப்ப மாத்தினா அவங்களுக்கு இடைஞ்சல் மேடம், முடிக்கட்டும்" என்றேன். மாணவி மேல் எவ்வளவு கரிசனம் பாருங்கள். மேடம்கூட மெச்சுகிற மாதிரி தலையை ஆட்டினார்.

வாசித்து முடித்ததும் பெரியவர் எழுதிக்கொண்டே சொன்னார்: "ஞானம் இருக்கு. விரல்ல இனிமை இருக்கு. ஆனா எம்.ஏ. வரைக்கும் வந்தவங்க வீணையை சுருதியில நிறுத்தலைன்னா நான் எப்படி மார்க் போடறது?" அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். அவர் கேட்டதை வைத்துத்தான் அவர் தீர்ப்புச் சொல்ல முடியும். அவர் கேட்டதைக் கெடுத்தது நான். என் பங்குக்கு நான் அள்ளிப் போட்ட மார்க்கைப் பார்த்துவிட்டு மேடம், "உங்க மாணவி என்பதால் போடாதீங்க, இன்னைக்கு வாசிச்சதுக்குப் போடுங்க" என்று குறைக்கச் சொன்னார். குறைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போனதும் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைச் செல்லில் ஓடவிட்டு பிட்ச் பைப்பை ஊதிப் பார்த்தேன். அரைக் கட்டைக்கு மேல் இறங்கியிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்து, புது செல்களை டேப் ரெக்கார்டரிலிருந்து பிடுங்கி வந்து போட்டேன். மத்தியானம் வாசித்த மூன்று பேருக்கும் பெட்டி மலை மாதிரி நின்றது. மூன்று பேரும் முதல் வகுப்பு.

மரகதத்துக்கு இரண்டாம் வகுப்பு. கொஞ்சத்தில் தவறியது. மார்க் ஷீட் வாங்க வந்தவர் என்னைத் தேடி வந்து சொல்லிக்கொண்டு போனார். அழவில்லை. "ரெண்டு வருசம் கஷ்டப்பட்டுச் சொல்லிக் குடுத்தீங்க சார். நான்தான் கோட்டை விட்டுட்டனுங்க. எங்கூட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலீங்க, ஆனா இனி எதுக்கு மைசூருன்னு கேக்கறாரு, அவர் கேக்கறதும் செரிதானுங்க" என்றார். அடுத்த தடவை பார்க்கலாம் என்றேன். அந்தக் காலத்தில் எம்.ஏ. பிராக்டிகலுக்கு ஏது அடுத்த தடவை? அந்தக் கல்லூரி இடத்துக்கு வேறு யாரோ வந்தார்கள். எனக்கு ஜூலையில் ஆர்டர் வந்தது, நிரந்தரம்.

நீங்கள் கேட்கலாம், அப்புறமாவது சொல்லியிருக்கலாமே என்று. நானும் அப்படித்தான் தினமும் கேட்டுக்கொண்டேன். பதில் ரெடிமேடாக இருந்தது: ஆர்டர் வரட்டும். ஆர்டர் வந்ததும், ப்ரொபேஷன் முடியட்டும். ப்ரொபேஷன் முடிந்ததும், இனி சொல்லி யாருக்கு என்ன லாபம். இப்படியே மூன்று வருஷம் ஓட்டினேன்.

மூன்றாம் வருஷம் தங்கச்சிக்குக் கல்யாணம். பட்டுச்சேலை எடுக்கக் கொள்ளேகால் போகவேண்டியிருந்தது. வீட்டில் எல்லாரும் கடையில் உட்கார்ந்து சேலையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு விசாரித்துக்கொண்டு மரகதத்தின் வீட்டுக்குப் போனேன். தறிச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. முன்னறையில் ஏழெட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து வீணை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், பிள்ளைகளையும் எழுப்பி நிற்கவைத்தார். "எங்க சாருங்க" என்று அவர்களிடம் சொன்னார்.

நலம் விசாரித்து முடித்ததும் ஒரு பிள்ளையின் வீணையை என் பக்கம் நகர்த்தினார். "சார், இது சேர்ந்திருக்குதுங்களா? ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

மீட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அந்த அளவுக்கு என்னால்கூடச் சேர்க்க முடியாது. நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் கேட்கிறீர்கள் என்றேன். அவர் சிரித்தார். "அன்னைக்குப் பரீட்சையில அப்படி ஆச்சுங்களா, அதுக்கப்புறம் எனக்கு என்ற காது மேல நம்பிக்கையே இல்லீங்க. சேர்த்துப்போட்டு யாரையாச்சும் கேட்டுக்குவேன். பக்கத்துக் கோயில் நாயனக்காரரு வருவாரு, அவரைக் கேப்பேன். யாரும் இல்லாட்டி இந்தப் பிள்ளைகளைக் கேப்பேனுங்க."

பத்து வயதுப் பிள்ளைகளிடம் அந்தக் காது சுருதி கேட்டுக்கொண்டிருக்கிறது. இதைச் செய்தது நான். அங்கேயே உடைத்துவிட்டேன், "மரகதம்மா, அன்னைக்கு உங்க வீணை சரியாத்தான் இருந்தது. பெட்டியில செல் பழசு. பெட்டிதான் இறங்கிச்சு."

இங்கே நிறுத்தியிருந்தாலும் பாதி மனுஷனாகியிருப்பேன். அவர் கண் என் முகத்தில் நிலைகுத்தி நின்றது. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் வாய் தானாக அடுத்த வார்த்தையைச் சொன்னது: "எனக்கே அப்புறம்தான் தெரிஞ்சது."

மரகதம் உள்ளே போனார். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு காப்பியோடு வந்தார். கண் சிவந்திருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் தறிப் பக்கம் திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டார். "ஏனுங்க, இங்க வாங்க. என்ற காது தப்பில்லையாமா. பெட்டிதானாமா. சாரே தேடி வந்து சொல்றாரு, கேட்டுக்கோங்க." அந்த மனுஷன் கையில் ஒட்டிய பட்டு இழையோடு வந்து நின்று என்னைக் கும்பிட்டார்.

"மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க சார்" என்று மரகதம் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார். "தெரியாம நடந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருக்க மாட்டீங்களா? வேற ஒருத்தரா இருந்தா கமுக்கமா இருந்துக்குவாங்க. வந்து சொன்னீங்களே, அது போதுமுங்க."

அந்தக் காப்பியை நான் குடித்தேன். நல்ல காப்பி என்றுகூடச் சொன்னேன். அந்த மன்னிப்பையும் அதோடு சேர்த்து விழுங்கிவிட்டு, கும்பிட்டுவிட்டு, கடைக்குத் திரும்பி வந்து தங்கச்சிக்கு அரக்குக் கலர் நன்றாக இருக்கிறது என்றேன்.

இதுதான் விஷயம். செல்லை எடுத்தது அற்பத்தனம். மாற்ற மறந்தது சோம்பேறித்தனம். இரண்டையும் நீங்கள் மன்னிக்கலாம், உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்று நடக்கும். ஆனால் மேடம் கேட்ட கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் இரண்டு வினாடி இருந்தது. என் முப்பது வருஷ வேலையில் முடிவெடுக்கவேண்டிய நேரம் என்று உண்மையில் வந்தது அந்த இரண்டு வினாடிதான். "ஒரு நிமிஷம் சார், பாத்துடறேன்" என்று சொல்லியிருந்தால் போதும். மேடம் என்னை ஒரு மாசம் முறைத்திருப்பார், அவ்வளவுதான். நாளைக்கு நீங்கள் பரீட்சகர் நாற்காலியில் உட்காரும்போது, எதிரே பாயில் உட்கார்ந்து வாசிக்கிறவர் இது தப்பு என்று சொன்னால் எழுந்து போய்ப் பாருங்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் சொல்கிற பொய்யை அவர்கள் நிஜம் என்று நம்பிவிடுவார்கள். நம்பினால் தங்களுக்கு எது தெரியுமோ அதைக் கைவிட்டுவிடுவார்கள்.

இதை இத்தனை வருஷம் கழித்து இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. கொள்ளேகாலிலிருந்து வருஷத்துக்கு ஒருத்தர் இரண்டு பேர் எங்கள் துறைக்கு எம்.ஏ. படிக்க வருவார்கள், மரகதம் டீச்சர் அனுப்பினாங்க என்பார்கள். எல்லாருக்கும் காது சுத்தம். போன மாதம் அவர்களில் ஒரு பெண், இப்போது உங்களோடு விரிவுரையாளராகச் சேர்ந்திருப்பவர், ஆசீர்வாதம் வாங்க மைசூர் விஜயநகரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். "எங்க டீச்சர் புதுசா வர்ற ஒவ்வொரு பேட்ச்சுக்கும் உங்க கதையைச் சொல்லுவாங்க சார். தெரியாம நடந்த தப்புக்குக்கூட ஊரு தேடி வந்து மன்னிப்புக் கேட்டவரு, வாத்தியாருன்னா அப்படி இருக்கோணும்னு சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் ஆசீர்வாதம் செய்தேன். கையைத் தூக்கி, தலையில் வைத்து, நன்றாக இரு என்றேன்.

அன்றைக்கு என்னிடம் ஆசீர்வாதம் வாங்கிப்போன அம்மா, நீயும் இதைப் படித்திருப்பாய். டீச்சரிடம் நீ போய்ச் சொல்லவேண்டாம், அந்தப் பாரத்தை உன் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை. இது அச்சாகி உன் கைக்கு வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நான் கொள்ளேகால் போகிறேன். நானாகக் கிளம்ப மாட்டேன் என்று எனக்கு என்னைப் பற்றி நன்றாகத் தெரியும். உங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டால் அவருக்கு எப்படியும் தெரிந்துவிடும், வேறு வழியில்லாமல் போய்த்தான் ஆகவேண்டும். அதற்காகத்தான் எழுதினேன். இந்தத் தடவை அவர் காப்பி கொண்டுவருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.